ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே: 232 கிலோமீட்டரை ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

ஜூன் 9, 2025: கேள்வி

ஜூலை கடைசியில் டொராண்டோவிலிருந்து கல்கரிக்கு வருகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. கனடா ராக்கி மலைகளின் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே சாலையில் லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை 232 கி.மீ., மூன்று மணி நேரம் என்று மேப் காட்டுகிறது. பான்ஃப் ஊரில் அறை எடுத்துவிட்டு, ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம் என்று நினைக்கிறேன். கல்கரியில் இருக்கும் யாராவது சொல்லுங்கள், சரிவருமா?

ஜூன் 9, இரவு: பதில்

வராது தம்பி. 232 என்பது லேக் லூயிஸிலிருந்து. நீங்கள் தங்கப்போவது பான்ஃபில். அங்கிருந்து லேக் லூயிஸ் வரவே இன்னும் 60 கி.மீ. சொச்சம். போக வர 580 கி.மீ. ஆகிவிடும். மேப் காட்டும் நேரம் எங்கும் நிற்காமல் ஓட்டுகிறவருக்கு. இந்தச் சாலையை நிற்காமல் ஓட்டுவதானால் வராமலே இருக்கலாம்.

ஜாஸ்பரில் இரண்டு இரவு தங்குங்கள். போகும்போது பாதி, வரும்போது பாதி பாருங்கள். அறை கிடைப்பது கஷ்டம், இன்றே தேடுங்கள்.

ஜூன் 10

நேற்று தூக்கக் கலக்கத்தில் சுருக்கமாக எழுதிவிட்டேன். ஏன் இரண்டு திசையிலும் பார்க்க வேண்டும் என்பதற்கு வெளிச்சம்தான் காரணம்.

சாலை ஏறத்தாழ வடமேற்காகப் போகிறது. பெரிய ஏரிகளும் பனியாறுகளும் (மலைச் சரிவில் மெல்ல நகரும் பெரும் பனிப்பாளங்கள்) பெரும்பாலும் மேற்குப் பக்கம், அதாவது போகும்போது உங்கள் இடது கைப்பக்கம். காலை வெயில் கிழக்கிலிருந்து வந்து நேராக அந்த மலைகள்மேல் விழும். போ (Bow) ஏரிக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் காற்று எழும்பியிருக்காது. எதிரே உள்ள மலை முழுதும் தண்ணீருக்குள் தலைகீழாக நிற்கும். பத்து மணிக்கு மேல் சிற்றலை வந்துவிடும், பிம்பம் போய்விடும்.

பெய்டோ ஏரி இதற்கு நேர் எதிர். அதை மேலிருந்து பார்க்கிறோம். அங்கே பிம்பம் முக்கியமில்லை, நிறம்தான் முக்கியம். அதற்கு வெயில் உச்சிக்கு ஏற வேண்டும். பத்திலிருந்து மூன்று மணிக்குள் போங்கள்.

அத்தபாஸ்கா பனியாறு காலையில்தான் அழகு. அது வடகிழக்குப் பார்த்துக் கிடக்கிறது. லேக் லூயிஸிலிருந்து கிளம்பி எல்லா ஏரியிலும் நின்று நின்று போனால் அங்கே சேரும்போது பிற்பகல் ஆகிவிடும். வெயில் பனிக்குப் பின்னால் போயிருக்கும், கண்ணைக் கூசும், படத்தில் வெளுத்துப்போகும். அதனால் போகும் வழியில் ஏரிகள், திரும்பும் நாள் காலையில் பனியாறு. ஒரே நாளில் இரண்டையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வழியே இல்லை.

இன்னொன்று. தெற்கே திரும்பும்போது ஏரிகள் உங்கள் வலது பக்கம் வரும். எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டாமல் சட்டென்று ஒதுக்கி நிறுத்தலாம். போகும்போது தவறவிட்ட நிறுத்தங்களை அப்போது பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 10, பிற்பகல்

பெட்ரோல்! லேக் லூயிஸில் டேங்கை நிரப்பிக்கொண்டுதான் ஏற வேண்டும். நடுவில் சஸ்காட்செவன் ரிவர் கிராசிங் என்ற ஒரே இடத்தில்தான் பங்க் உண்டு, ஏறக்குறைய 77 கி.மீ. போனதும் வரும். விலை கூடுதல். குளிர்காலத்தில் அதுவும் மூடியிருக்கும்.

லேக் லூயிஸைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் போனில் சிக்னல் போய்விடும். ஜாஸ்பர் நெருங்கும் வரை வராது. மேப்பை முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். இரண்டு காரில் வருவதானால் எங்கே சந்திப்பது என்று புறப்படும் முன்பே பேசிவிடுங்கள்.

ஜூன் 12

"எந்தெந்த இடத்தில் நிற்க வேண்டும், ஒரு பட்டியல் கொடுங்கள் அக்கா" என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் இணையம் முழுக்கக் கிடக்கிறது. பட்டியலை வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, படம் எடுத்து, ஏறி, அடுத்த பெயரைத் தேடுகிறார்கள். நான் பட்டியலை விட்டுவிட்டு இந்தச் சாலையை வேறு விதமாகப் பார்க்கப் பழகிக்கொண்டேன், அதைச் சொல்கிறேன்.

தண்ணீரைப் பாருங்கள். எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டும் பாருங்கள்.

லேக் லூயிஸிலிருந்து கிளம்பியதும் உங்களோடு வருவது போ ஆறு. அது உங்களை நோக்கி இறங்கி வருகிறது, நீங்கள் அதை எதிர்த்து ஏறுகிறீர்கள். போ ஏரிதான் அதன் தொடக்கம். அந்த ஏரிக்குத் தண்ணீர் மேலே தெரியும் பனியாற்றிலிருந்து வருகிறது. கல்கரியில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவதில் பெரும்பங்கு அந்த ஆற்றுத் தண்ணீர்தான். அந்தக் கரையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். எங்கள் ஊரே அந்தப் பனிக்குக் கடன்பட்டிருக்கிறது.

கொஞ்சம் ஏறினால் போ சம்மிட், 2,069 மீட்டர். சாலையின் மிக உயரமான இடம். அங்கே தண்ணீர் பிரிகிறது. இந்தப் பக்கம் விழுந்தது போ ஆற்றோடு தெற்கே போகிறது. அந்தப் பக்கம் விழுந்தது பெய்டோ ஏரி, மிஸ்டாயா ஆறு வழியாக வடக்கே போய் வட சஸ்காட்செவன் ஆற்றில் கலக்கிறது. எட்மன்டன் ஊர் குடிப்பது அதை. பிரிந்த இரண்டும் வெகுதூரம் கிழக்கே, சஸ்காட்செவன் மாகாணத்தில், பிரின்ஸ் ஆல்பர்ட் ஊரைத் தாண்டி மறுபடி ஒன்று சேர்ந்து ஹட்சன் விரிகுடாவுக்குப் போகின்றன.

கிராசிங்கில் வட சஸ்காட்செவனைக் கடந்தபின் மறுபடியும் நீரை எதிர்த்து ஏற்றம். பெரிய வளைவு ஒன்றில் சாலை சுற்றி ஏறும்போது பின்னால் திரும்பிப் பாருங்கள், வந்த பள்ளத்தாக்கு முழுவதும் கீழே தெரியும். பிறகு சன்வாப்டா கணவாய், 2,035 மீட்டர். பான்ஃப் பூங்கா முடிந்து ஜாஸ்பர் பூங்கா தொடங்கும் எல்லை அது. அங்கேயும் தண்ணீர் பிரிகிறது, ஆனால் இந்த முறை மறுபடி சேர்வதில்லை. சன்வாப்டா ஆறு அத்தபாஸ்கா ஆற்றில் சேர்ந்து, கடைசியில் மெக்கன்சி ஆற்றோடு ஆர்க்டிக் பெருங்கடலுக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து ஜாஸ்பர் வரை நீங்களும் தண்ணீரும் ஒரே திசை.

இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். அவ்வளவுதான் முழுச் சாலையும். இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே நிற்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகளிடம் "இப்போது ஆறு நம்மோடு வருகிறதா, நம்மை எதிர்த்து வருகிறதா?" என்று கேளுங்கள். என் மகனிடம் அவன் சின்னப் பையனாக இருந்தபோது கேட்கத் தொடங்கினேன். இப்போது அவன் காரோட்டுகிறான், என்னிடம் கேட்கிறான்.

ஜூன் 13

இன்னொரு வாசகர் நிறத்தைப் பற்றிக் கேட்டார். ஏரியில் சாயம் எதுவும் இல்லை. பனியாறு நகரும்போது அடியில் உள்ள பாறையை அரைக்கிறது. அந்தத் தூள் அரிசி களைந்த தண்ணீரில் மிதக்கும் மாவைவிட நுண்ணியது. அடியில் படியாமல் ஏரி முழுக்க மிதக்கிறது. வெயில் பட்டதும் நீலமும் பச்சையுமான ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது.

ஆகவே நிறத்துக்கு இரண்டு வேண்டும். பனி உருகித் தூள் வந்திருக்க வேண்டும், மேலே வெயில் அடிக்க வேண்டும். ஜூன் தொடக்கத்தில் வந்தால் பெய்டோ ஏரியில் இன்னும் பனிக்கட்டி மிதக்கலாம். ஜூலை, ஆகஸ்ட்தான் நிறம் கூடும் மாதங்கள். நீங்கள் தேர்ந்த வாரம் அதற்குப் பொருத்தமானது.

ஜூன் 17

பூங்கா நுழைவுச்சீட்டு பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சாதாரணமாக இந்தச் சாலையில் ஏற நுழைவுச்சீட்டு கட்டாயம். குடும்பச் சீட்டு எடுத்தால் ஒரே காரில் 7 பேர் வரை போகலாம். ஆனால் இந்த 2025 கோடையில் ஜூன் 20 முதல் செப்டம்பர் 2 வரை தேசியப் பூங்காக்களுக்கு அனுமதி இலவசம் என்று அரசு அறிவித்துவிட்டது. உங்களுக்குச் செலவு மிச்சம். கூட்டம் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஜூன் 20

நேற்றுப் போ ஏரிக்கு மேலே, பனியாற்று அருவி இருக்கும் இடத்தில், பாறைச் சரிவு. மிகவும் மோசமான செய்தி, உயிரிழப்பு உண்டு. அந்த நடைபாதையை மூடிவிட்டார்கள்.

அந்தப் பாதையில் நான் நடந்திருக்கிறேன். ஏரிக்கரையோரம் போய், கற்படிகளில் ஏறி, அருவிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். எத்தனையோ குடும்பங்கள் அப்படி உட்காரும் இடம். நேற்றிலிருந்து மனது சரியில்லை.

தம்பி, நீங்கள் வரும்போது அது திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பூங்கா நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு நடங்கள். தடுப்புக் கயிறு, மூடிய கதவு, எச்சரிக்கைப் பலகை எதையும் தாண்டாதீர்கள். அத்தபாஸ்கா பனியாற்றிலும் இதேதான். ஓரத்தில் கயிறு கட்டியிருக்கும். பனி மேலே உறுதியாகத் தெரியும், உள்ளே பிளவு இருக்கும். விழுந்தால் அந்தக் குளிரில் எடுப்பதற்குள் உயிர் போய்விடும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பனியின்மேல் நடந்தே ஆக வேண்டும் என்றால் வழிகாட்டியோடு போங்கள், அல்லது பெரிய சக்கர வண்டியில் கூட்டிப்போகிறார்கள், அதில் போங்கள்.

ஜூன் 20, இரவு

இரண்டாவது உயிரிழப்பும் உறுதியாகிவிட்டது. வேறு எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 26

அப்பாவுக்கு முழங்கால் வலி என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். அப்படியானால் திட்டத்தில் சில மாற்றங்கள்.

போ ஏரி: காரிலிருந்து இறங்கினால் கரை. கஷ்டமே இல்லை. சிவப்புக் கூரை போட்ட பழைய விடுதி பக்கம் நிறுத்துங்கள்.

பெய்டோ: கீழ் நிறுத்துமிடத்திலிருந்து அரை கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். தார் போட்ட பாதைதான், ஆனாலும் ஏற்றம். மேல் நிறுத்துமிடம் பேருந்துகளுக்கும் மாற்றுத்திறனாளி அனுமதி அட்டை வைத்திருப்பவர்களுக்கும் மட்டும். அப்பாவிடம் அட்டை இருந்தால் டொராண்டோவிலிருந்து மறக்காமல் எடுத்து வாருங்கள்.

வாட்டர்ஃபவுல் ஏரிகள்: யாரும் அதிகம் பேசுவதில்லை. சாலையோரமே நிறுத்தி, மடக்கு நாற்காலி போட்டு உட்காரலாம். முதியவர்களோடு போகிறவர்களுக்கு முழுச் சாலையிலும் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

அத்தபாஸ்கா அருவி: 23 மீட்டர்தான் உயரம், ஆனால் அவ்வளவு பெரிய ஆறு குறுகிய பாறை இடுக்கில் விழும் வேகம் காலடியில் அதிரும். முதல் காட்சி இடம் வரை சுலபம். அதற்குமேல் படிகள். அப்பா மேலேயே நிற்கட்டும், அங்கேயே போதுமான அளவு தெரியும்.

ஜாஸ்பரில் இரண்டு இரவு என்று முதலில் எழுதியிருந்தேன். முழங்கால் வலி உள்ளவரை அடுத்தடுத்துக் காரில் உட்கார வைப்பதைவிட மூன்று இரவு நல்லது. நடுவில் ஒரு நாள் வேறெங்கும் போகாமல் ஜாஸ்பர் பக்கத்திலுள்ள மலீன் ஏரிக்கு மட்டும் போய் வரலாம்.

ஜூன் 27

மலீன் ஏரி என்றதும் சொல்ல வேண்டியது, வழியில் வரும் மெடிசின் ஏரி. கோடையில் ததும்பி நிற்கும். இலையுதிர் காலம் முடியும்போது வற்றிச் சேறாகிவிடும். மேலே வெளியேற ஆறு கிடையாது. அடியில் உள்ள சுண்ணாம்புப் பாறை இடுக்குகள் வழியாகத் தண்ணீர் நிலத்துக்குள் போய், பல கிலோமீட்டர் தள்ளி மலீன் பள்ளத்தாக்கில் ஊற்றாக வெளிவருகிறது. கோடையில் உருகி வருவது கசிவதைவிட அதிகம், அதனால் நிரம்புகிறது. தண்ணீரைப் பின்தொடருங்கள் என்று சொன்னேனே, அதற்கு இங்கேதான் கண்ணைக் கட்டிவிடுகிறது!

ஜூலை 2

"ஜாஸ்பர் எரிந்துபோயிற்றே, போய் என்ன பார்ப்பது?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கு.

2024 ஜூலை 22 இரவு ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். 24ஆம் தேதி காட்டுத்தீ ஊருக்குள் வந்தது. 1,113 கட்டடங்களில் 358 போயின. மூன்றில் ஒன்று. மீதி இருக்கிறது. மனிதர்கள் இருக்கிறார்கள். கடை திறந்து வைத்து உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். வீட்டை இழந்தவர்களே அங்கே காபி ஊற்றிக் கொடுக்கிறார்கள், அறை துடைக்கிறார்கள். பயணிகள் வராவிட்டால் அவர்களுக்கு இரண்டாவது இழப்பு.

சாலையோரம் கறுத்த மரங்கள் நெடுந்தூரம் வரும். பிள்ளைகள் கேட்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள். அந்தக் கரிக்குள் அடுத்த ஆண்டே செடி முளைக்கிறது. எரிந்த வீட்டு மனைகளுக்கு முன்னால் நின்று படம் எடுக்காதீர்கள், இது என் வேண்டுகோள்.

ஜூலை 3

லேக் லூயிஸ் பக்கத்திலுள்ள மொரேன் ஏரி பற்றித் தனித்தனியாகப் பலர் கேட்கிறீர்கள். 2023 முதல் பொதுவாகச் சொந்தக் காரில் போக முடியாது. பூங்கா நிர்வாகத்தின் ஷட்டில் பேருந்து, ரோம் (Roam) என்ற உள்ளூர்ப் பொதுப் பேருந்து, அல்லது அனுமதி பெற்ற சுற்றுலாப் பேருந்து. இருக்கைகளில் ஒரு பகுதியை வசந்த காலத்திலேயே விற்றுவிடுவார்கள். மீதியைப் பயண நாளுக்கு இரண்டு நாள் முன்பு காலை எட்டு மணிக்கு இணையத்தில் திறப்பார்கள். அது கல்கரி இருக்கும் மலை நேர மண்டலத்தின் (Mountain Time) நேரம், டொராண்டோவில் அப்போது காலை பத்து. அந்த நேரத்துக்கு உட்கார்ந்தால் கிடைக்கும்.

பழைய கனடா 20 டாலர் நோட்டின் பின்புறம் இருந்தது இந்த ஏரிதான். அப்பாவிடம் சொல்லுங்கள், 80களில் வந்தவர்கள் எல்லோர் கையிலும் அந்த நோட்டு புழங்கியிருக்கும்.

ஜூலை 9

சாப்பாடு. கிராசிங்கிலும் பனியாற்று மையத்திலும் தவிர வழியில் உணவகம் என்று பெரிதாக எதுவும் இல்லை. புளிச்சாதம் கட்டிக்கொண்டு போங்கள், கெடாது. ஆனால் சாப்பிட்டதும் ஒரு பருக்கை விடாமல் துடைத்து எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு ஏரிக்குப் படம் எடுக்கப் போகக் கூடாது. மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி மறுபடி மறுபடி அங்கேயே வரும், கடைசியில் அதைக் கொன்றுவிட நேரும். நம் மிச்சச் சோற்றுக்காக ஒரு கரடி சாக வேண்டுமா?

கரடி, ஓநாய் என்றால் 100 மீட்டர். மான், மலையாடு என்றால் 30 மீட்டர். அதுதான் இடைவெளி. சாலையோரம் கரடி நின்றால் காரைவிட்டு இறங்காதீர்கள். முன்னால் பத்துக் கார் நின்று எல்லோரும் இறங்கியிருந்தாலும் நீங்கள் இறங்காதீர்கள்.

ஜூலை 10

சின்னச் சேர்க்கை: வேக வரம்பு பெரும்பாலும் 90. சரக்கு லாரிகளுக்கு இந்தச் சாலையில் அனுமதி இல்லை, அதனால் பதற்றமில்லாமல் ஓட்டலாம். ஜூலையிலும் பனியாற்றுப் பக்கம் காலையில் கடுங்குளிர் இருக்கும். எல்லோருக்கும் ஒரு ஸ்வெட்டர்.

ஆகஸ்ட் 6

பத்திரமாகத் திரும்பியதில் மகிழ்ச்சி தம்பி! அம்மா வாட்டர்ஃபவுல் ஏரியைவிட்டுக் கிளம்ப மறுத்தார் என்று படித்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

அத்தபாஸ்கா பனியாற்றில் ஆண்டு எழுதிய பலகைகளைப் பார்த்து மகள் அழுதாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பலகைகளைப் பற்றி நான் முன்பு எதுவும் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். நடைபாதையில் ஒவ்வொரு காலத்திலும் பனியின் விளிம்பு எங்கே இருந்தது என்று பலகை வைத்திருக்கிறார்கள். தான் பிறந்த ஆண்டுக்குப் பக்கத்துப் பலகையிலிருந்து பனி எவ்வளவு தள்ளிப் போய்விட்டது என்று அவளே பார்த்திருக்கிறாள். கடந்த 125 ஆண்டுகளில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கி, பருமனில் பாதியை இழந்துவிட்டது அந்தப் பனியாறு.

அவளுக்கு ஆறுதலாக என்ன சொல்வது என்று கேட்கிறீர்கள். பொய் ஆறுதல் வேண்டாம். ஆறுகள் எல்லாம் அங்கே தொடங்குகின்றன என்று வழி நெடுகப் பார்த்துக்கொண்டு வந்த பிள்ளை அவள். அதனால்தான் அழுகை வந்தது. படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தால் வந்திருக்காது. அந்த இடத்துக்கு அவளை மறுபடி கூட்டிக்கொண்டு வாருங்கள், அந்தப் பலகையிலிருந்து அவளே அடி வைத்து அளக்கட்டும். வளர்ந்து பனியாறுகளைப் பற்றிப் படிக்க விரும்பினால் படிக்கட்டும்.

ஆகஸ்ட் 7

இரவு முழுக்க அந்தப் பிள்ளையைப் பற்றியே யோசித்தேன். இன்னொன்றும் சொல்லுங்கள். இந்தச் சாலையை 1931இல் பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், வேலையில்லாமல் தவித்தவர்களைக் கொண்டு போடத் தொடங்கினார்கள். பெரும்பாலும் கையாலும் குதிரையாலும். 1940இல் திறந்தார்கள். அப்போது அந்தப் பனி இப்போதைவிட எவ்வளவோ கீழே இருந்தது. அவர்கள் பார்த்ததை நாம் பார்க்கவில்லை, நாம் பார்ப்பதை அவள் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள். வருத்தமான கணக்குத்தான். ஆனால் பத்து வயதில் தெரிந்துகொள்ளக் கூடாத கணக்கு இல்லை.

செப்டம்பர் 22

இந்த உரையாடல் இழை இன்னும் ஓடுகிறது, நல்லது. இலையுதிர் காலத்தில் வர நினைப்பவர்களுக்கு: லார்ச் மரம் ஊசியிலை மரம்தான், ஆனால் இலை பொன்னிறமாகி உதிரும். இப்போது உச்சம். இன்னும் சில நாள்தான் இருக்கும். மொரேன் ஏரிக்கு மேலே உள்ள லார்ச் பள்ளத்தாக்கில் கூட்டம் தாங்காது. பார்க்வேயில் சாலையிலிருந்தே மலைச் சரிவுகளில் மஞ்சள் திட்டுகள் தெரியும், எனக்கு அதுவே போதும்.

இரவு தங்குகிறவர்கள் வானம் தெளிவாக இருந்தால் வெளியே வாருங்கள். ஜாஸ்பர் 2011 முதல் இருள்வானக் காப்பகம், அதாவது இரவு வானம் தெரியச் செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இடம். ஊர் விளக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பால்வீதி தெரியும்.

அக்டோபர் 19

டிசம்பர் விடுமுறையில் வாடகைக் காரில் போகலாமா என்ற கேள்விக்கு: நவம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை இந்தச் சாலையில் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். வாடகைக் காரில் தானாக இருக்கும் என்று நம்பாதீர்கள், முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், சாவி வாங்கும்போது டயரில் மலையும் பனிச்செதிலும் போட்ட சின்னம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பனி பொழிந்தால் சாலையை மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் மூடிவிடுவார்கள். வண்டியில் போர்வை, தண்ணீர், மண்வாரி. பகல் வெளிச்சம் எட்டு மணி நேரத்துக்குக் கீழே. பழக்கமில்லாதவர்கள் லேக் லூயிஸோடு திரும்பிவிடுங்கள், மீதிச் சாலைக்கு ஜூலையில் வரலாம்.